உஸ்மானியர்களின் பீரங்கிப் படையும் கோட்டைகளும்

ஹிஜ்ரி 857, கி.பி. 1453 மே 29 அன்று கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் கைக்கு வந்தது. இந்த வரலாற்றை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இருபத்தொரு வயது சுல்தான், தரைவழியே இழுத்துச் செல்லப்பட்ட கப்பல்கள், மதிலைத் தகர்த்த ராட்சதப் பீரங்கி ஆகிய மூன்றும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது பீரங்கியைப் பற்றித்தான். "எவ்வளவு பெரிசு?" என்பார்கள். சற்று யோசிக்கிற பிள்ளையாக இருந்தால், "அவ்வளவு பெரிய பீரங்கி இருந்தும் ஏன் ஏழு வாரத்துக்கு மேல் ஆச்சு?" என்று அடுத்த கேள்வியும் வரும்.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை பதில் தேடுகிறது. ஒரு படைக்குள் பீரங்கியின் இடம் என்ன? கோட்டையைக் காப்பதில் அதன் வேலை என்ன, உடைப்பதில் என்ன? அறிந்துகொள்ள உஸ்மானியர்களின் வரலாறு நல்ல பாடநூல். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளின் ஏற்றமும் இறக்கமும் அதில் இருக்கின்றன.

சொல்லிலேயே இருக்கும் வரலாறு

'பீரங்கி' என்ற நம் சொல், ஐரோப்பியரைக் குறிக்கும் 'ஃபிரங்கி' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 'பறங்கி'யும் அதே வேர்தான். 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து வந்த சொல். துருக்கி மொழியில் பீரங்கிக்கு 'தோப்' என்று பெயர். அதனால்தான் பீரங்கிச் சாலைக்கும் பீரங்கிப் படைக்கும் 'தோப்கானா' என்ற பெயர் வந்தது. முகலாயர்களும் அதையே பயன்படுத்தினார்கள். இஸ்தான்புல்லில் பீரங்கி வார்த்த பகுதி இன்றும் 'தோப்ஹானே' என்றே அழைக்கப்படுகிறது.

பீரங்கிக்கு முன்னால்

வெடிமருந்து வருவதற்கு முன்பு கோட்டை மதிலைத் தாக்கப் பயன்பட்டது மன்ஜனீக் எனும் கல்லெறி பொறி. ஹிஜ்ரி 8இல் நடந்த தாயிஃப் முற்றுகையில் அது பயன்படுத்தப்பட்டதாக ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால், தடித்த மதிலையும் ஆழமான அகழியையும் அதனால் எளிதில் வெல்ல முடியாது.

கான்ஸ்டாண்டிநோபிளின் தரைப்பக்க மதில் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. முதலில் அகழி, பின்பு வெளிமதில், அதற்கும் பின்னால் சுமார் 12 மீட்டர் உயரமும் 5 மீட்டர் தடிமனும் கொண்ட உள்மதில் என்று மூன்று அரண்கள். ஆயிரம் ஆண்டுகளில் எத்தனையோ படைகள் இதன் முன்னால் வந்து திரும்பிப் போயின. இந்த மதிலுக்கு ஒரு குறை இருந்தது. அது கல்லெறி பொறியின் காலத்துக்காகக் கட்டப்பட்டது. உயரமாக இருந்ததால் ஏணி வைத்து ஏறுவது கடினம். அதே உயரம் பீரங்கிக்கு நல்ல இலக்கு. மதில்மேல் பெரிய பீரங்கிகளை வைத்து எதிரியைச் சுடவும் முடியவில்லை. சுட்டால் அந்த அதிர்வு சொந்த மதிலையே ஆட்டியது என்று முற்றுகைக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

பீரங்கிப் படையில் யார் யார்?

உஸ்மானிய அரசில் மாகாணங்களிலிருந்து போர்க்காலத்தில் வந்து சேரும் குதிரைப் படை ஒரு பக்கம்; ஆண்டு முழுவதும் சம்பளம் பெற்றுத் தலைநகரில் இருக்கும் 'கபுகுலு' நிரந்தரப் படை இன்னொரு பக்கம். புகழ்பெற்ற ஜானிஸரி காலாட்படை இந்த இரண்டாவது வகை. பீரங்கிப் படையும் அதில்தான் சேர்ந்தது. அதற்குள் வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன:

* தோப்ஜிகள்: பீரங்கியை வார்ப்பவர்களும் சுடுபவர்களும். இவர்களின் தலைவர் தோப்ஜிபாஷி.
* அரபாஜிகள்: பீரங்கி வண்டிகளைச் செய்பவர்களும் ஓட்டுபவர்களும்.
* ஜெபெஜிகள்: ஆயுதங்களைப் பழுதுபார்த்து, வெடிமருந்தோடு படைக்குக் கொண்டுசேர்ப்பவர்கள்.
* கும்பராஜிகள்: உள்ளே மருந்து நிரப்பிய வெடிகுண்டுகளை மதிலுக்கு மேலாக எறியும் குட்டைப் பீரங்கிக்காரர்கள்.
* லகிம்ஜிகள்: மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி மருந்து வைப்பவர்கள்.

சுல்தான் சுலைமான் காலத்தின் 1527ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். அந்த ஆண்டு சம்பளப் பட்டியலில் தோப்ஜிகள் 695 பேர். வண்டிக்காரர்களான அரபாஜிகள் 943 பேர். சுடுகிறவர்களைவிட இழுத்துச் செல்கிறவர்கள் அதிகம்! பீரங்கிப் படையின் பெரும்பாடு சுடுவதில் இல்லை, பீரங்கியையும் குண்டையும் மருந்தையும் உரிய நாளில் உரிய இடத்தில் சேர்ப்பதில்தான். மாடு, எருமை, ஒட்டகம், டான்யூப் நதிப் படகு எல்லாம் அதற்குப் பயன்பட்டன. பெரிய பீரங்கியை இழுக்கவே முடியாத மலைப் பகுதிக்கு உலோகத்தை மட்டும் ஏற்றிச் சென்று, முற்றுகை நடக்கும் இடத்திலேயே உலை வைத்து வார்த்ததும் உண்டு. அல்பேனியாவின் ஷ்கோதர் கோட்டையை முற்றுகையிட்டபோது அப்படித்தான் நடந்தது.

நகரத்தை வென்ற பிறகு சுல்தான் முஹம்மத், கலாத்தா பக்கத்தில் தோப்ஹானே வார்ப்புச் சாலையை நிறுவினார். பெரும்பாலான பெரிய பீரங்கிகள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. இரும்பு விலை மலிவுதான்; ஆனால் வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தால் திடீரென்று வெடித்து, சுட்டவர்களையே கொன்றுவிடும். வெண்கலத்துக்கு வேண்டிய செம்பு அனதோலியாவின் சுரங்கங்களில் கிடைத்தது. ஈயத்தைவிட அரிதான வெள்ளீயத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது.

பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி, பீரங்கி வார்க்கும் நாளை விரிவாக எழுதியிருக்கிறார். உலையைத் திறக்கும் நேரத்தில் அமைச்சர்களும் உலமாக்களும் கூடி துஆ செய்வார்களாம். உருகி ஓடும் உலோகத்தில் பொற்காசுகளையும் வெள்ளிக்காசுகளையும் போடுவார்களாம். ஒரு பீரங்கி நல்லபடியாக வார்ந்து வருவது அரசாங்கத்துக்கே அவ்வளவு கவலையான காரியமாக இருந்தது.

1452: முதலில் கோட்டை

கான்ஸ்டாண்டிநோபிளை வெல்லும் திட்டத்தில் சுல்தான் முதலில் செய்தது ஒரு கோட்டையைக் கட்டியதுதான். பொஸ்ஃபரஸ் நீரிணை மிகக் குறுகும் இடத்தில், சுமார் 700 மீட்டர் அகலத்தில், ஆசியக் கரையில் அவருடைய பூட்டனார் முதலாம் பாயஸீத் கட்டிய அனதோலு ஹிஸாரி ஏற்கெனவே இருந்தது. அதற்கு நேர் எதிரே ஐரோப்பியக் கரையில் ரூமெலி ஹிஸாரி எழுந்தது. 1452இல் நாலைந்து மாதங்களுக்குள் வேலை முடிந்துவிட்டது. அதன் மூன்று பெரிய கோபுரங்களுக்கு ஹலீல் பாஷா, ஸகனோஸ் பாஷா, ஸரூஜா பாஷா என்று அமைச்சர்களின் பெயர்கள்.

இந்தக் கோட்டை எந்த ஊரையும் காப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. பீரங்கிக்கு ஒரு மேடையாகவே கட்டப்பட்டது. நீர்மட்டத்துக்கு அருகே வைக்கப்பட்ட பீரங்கிகளின் குண்டுகள் தண்ணீரை ஒட்டிப் பறந்து கப்பலின் பக்கவாட்டைத் தாக்கும். அந்த ஆண்டு நவம்பரில், நிற்கச் சொன்ன கட்டளையை மதிக்காமல் கடந்த வெனிஸ் கப்பல் ஒன்று அவ்வாறே மூழ்கடிக்கப்பட்டது. கருங்கடலிலிருந்து நகரத்துக்கு தானியம் வரும் வழி அன்றோடு சுல்தானின் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

1453: மதிலின் முன்னால்

ராட்சதப் பீரங்கியை வார்த்தவர் அர்பான் என்ற ஹங்கேரிய நாட்டுக் கைவினைஞர். அவர் முதலில் போனது பைஸாந்தியப் பேரரசரிடம். பேரரசரால் அவர் கேட்ட கூலியையும் உலோகத்தையும் தர முடியவில்லை. பிறகுதான் அவர் சுல்தானிடம் வந்தார். கேட்டதைவிட அதிகமாகவே பெற்றார். மதிலுக்குள் இருந்திருக்க வேண்டிய திறமை, மதிலுக்கு வெளியே போய் நின்றது.

எதிர்னேயில் வார்க்கப்பட்ட அந்தப் பீரங்கி சுமார் 8 மீட்டர் நீளம். அதன் கல்குண்டு அரை டன்னுக்கும் அதிகம். அறுபது மாடுகள் இழுத்தன. இருபுறமும் ஆட்கள் தாங்கிப் பிடித்தபடி நடந்தார்கள். முன்னால் தச்சர்களும் கூலியாட்களும் பாலங்களைப் பலப்படுத்திக்கொண்டே போனார்கள். முற்றுகை ஏப்ரல் 6 வாக்கில் தொடங்கியது.

இங்கேதான் பிள்ளைகளின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பெரிய பீரங்கியை ஒரு நாளைக்கு ஏழு தடவைக்கு மேல் சுட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அது சூடேறும். ஆற விட வேண்டும். துடைத்து, மருந்திட்டு, மீண்டும் குறிவைக்க வேண்டும். பகலில் உடைந்த இடத்தை மதிலுக்குள் இருந்தவர்கள் இரவில் மரக்கட்டை, மண் நிரப்பிய பீப்பாய், சுள்ளிக்கட்டுகள் கொண்டு அடைத்தார்கள். கல்மதிலை உடைத்த குண்டு, மென்மையான மண்ணில் புதைந்து அடங்கிப் போனது.

உண்மையில் மதிலைத் தளர்த்தியது பல அளவுகளில் அணிவகுத்து நின்ற பீரங்கிகளின் ஓயாத தாக்குதல். ஒரே புள்ளியில் சுட்டுக்கொண்டிருக்காமல், முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போலக் குறிவைத்தால் நடுப்பகுதி தானே சரியும் என்ற நுட்பமும் அங்கு பயன்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். கலாத்தா மதிலுக்கு மேலாக குண்டை வளைத்து எறிந்து துறைமுகக் கப்பல்களைத் தாக்கும் பீரங்கியைச் சுல்தானே யோசித்துச் சொன்னதாகவும் குறிப்பு உண்டு. கடைசியில் மே 29 அதிகாலையில் உடைப்பின் வழியே உள்ளே நுழைந்தது காலாட்படை. பீரங்கி வழி திறந்துதான் கொடுத்தது.

திறந்த வெளியில்

கோட்டை இல்லாத சமவெளியிலும் பீரங்கிக்குப் பின்னால் ஒரு அரண் வேண்டும். உஸ்மானியர்கள் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து, இடையிடையே பீரங்கிகளை நிறுத்தி, பின்னால் துப்பாக்கி வீரர்களை வைத்தார்கள். கூடவே நகர்ந்து வரும் கோட்டை அது. 1514 ஆகஸ்ட் 23இல் சால்திரானில் ஷா இஸ்மாயீலின் புகழ்பெற்ற குதிரைப்படை இந்த வண்டி மதிலில் மோதித்தான் சிதறியது.

1517 ஜனவரியில் கெய்ரோவுக்கு வெளியே ரைதானிய்யாவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே மம்லூக் சுல்தான் தூமான்பாயிடமும் பீரங்கிகள் இருந்தன. ஆனால், அவை பள்ளம் வெட்டி ஒரே திசை நோக்கிப் பதிக்கப்பட்டிருந்தன. சுல்தான் ஸலீமின் படை நேராக வராமல் சுற்றி வந்தது. பதித்த பீரங்கிகளைத் திருப்ப நேரமில்லை. மம்லூக் வீரர்கள் குதிரையேற்றத்திலும் வாள்வீச்சிலும் ஈடற்றவர்கள். வெடி ஆயுதம் வீரனுக்கு அழகல்ல என்ற எண்ணம் அவர்களிடம் இருந்ததை இப்னு ஸுன்புலின் வரலாறு காட்டுகிறது. அவசரத்தில் பீரங்கிகளைச் சேர்த்தார்கள். அதற்கான படையை வளர்க்கவில்லை.

அதே உத்தி இந்தியாவுக்கும் வந்தது. 1526 ஏப்ரல் 21, பானிபட். 'ரூமி' முறைப்படி, அதாவது உஸ்மானியர்கள் செய்வதைப் போல, 700 வண்டிகளைத் தோல் கயிறுகளால் பிணைத்ததாக பாபர் எழுதியிருக்கிறார். உஸ்தாத் அலி குலியும் முஸ்தஃபா ரூமியும் அவருடைய பீரங்கி நிபுணர்கள். தமிழ் மண்ணில் பின்னாளில் இதே உண்மையை உணர்ந்தவர் ஹைதர் அலி. 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக வந்த அவர், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு அங்கே ஓர் ஆயுதச்சாலையை அமைத்தார்.

கோட்டை பாடம் கற்றது

பீரங்கி வந்ததும் கோட்டைகள் ஒழிந்துவிடவில்லை, வடிவம் மாறின. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தினார்கள், தடிமனாக்கினார்கள், உள்ளே மண்ணை நிரப்பினார்கள். வட்டக் கோபுரங்களுக்குப் பதிலாக அம்பு முனை போன்ற கொத்தளங்கள் வந்தன. ஒரு கொத்தளத்தை நெருங்குபவனைப் பக்கத்துக் கொத்தளத்தின் பீரங்கி விலாவில் தாக்கும். ஒளிந்துகொள்ள மூலையே இருக்காது. கான்ஸ்டாண்டிநோபிளில் இரவோடிரவாகக் கொட்டிய மண் செய்த வேலையை, இங்கே நிரந்தரமாகவே கட்டிவைத்தார்கள்.

இத்தகைய கோட்டையைப் பீரங்கியால் மட்டும் வெல்ல முடியாது. 1522இல் ரோட்ஸ் தீவைப் பிடிக்க சுல்தான் சுலைமானுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. அங்கே சுரங்கம் தோண்டிய லகிம்ஜிகளின் பங்கு பெரிது. உள்ளே இருந்த தாதினி என்ற இத்தாலியப் பொறியாளர், இழுத்துக் கட்டிய தோலில் சிறு மணிகளைத் தொங்கவிட்டு, பூமிக்கடியில் தோண்டும் அதிர்வைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இறுதியில் உடன்படிக்கை ஏற்பட்டது. எஞ்சியிருந்த வீரர்கள் ஆயுதங்களோடு தீவைவிட்டுப் போக சுல்தான் அனுமதித்தார்.

1529இல் வியன்னாவில் கதை வேறு. அந்த ஆண்டு விடாத மழை. கனமான முற்றுகைப் பீரங்கிகளைச் சேற்றில் இழுக்க முடியாமல் வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பெரிய பீரங்கி இல்லாமல் மதில் திறக்கவில்லை. அக்டோபர் நடுவில் முற்றுகை கைவிடப்பட்டது. 943 வண்டிக்காரர்களின் அருமை அங்கே தெரிந்தது. 1565இல் மால்டாவில் செயின்ட் எல்மோ என்ற ஒரு சிறு கோட்டையை வீழ்த்தவே ஒரு மாதம் கழிந்தது. பெரும் கடற்தளபதி துர்குத் ரெயீஸ் அந்த முற்றுகையில்தான் உயிரிழந்தார். செப்டம்பரில் படை திரும்பியது.

தேக்கமும் விழிப்பும்

டார்டனெல்ஸ் நீரிணையின் காவலுக்கும் சுல்தான் முஹம்மத் எதிரெதிரே இரண்டு கோட்டைகள் கட்டியிருந்தார். ஒன்றின் பெயர் கிலித்பஹிர். 'கடலின் பூட்டு' என்று பொருள். 1464இல் முனீர் அலி என்பவர் வார்த்த சுமார் 17 டன் வெண்கலப் பீரங்கி ஒன்று இந்த நீரிணையில் இருந்தது. இரண்டு பகுதிகளாக வார்த்து, திருகாணி போலப் பொருத்தும் வேலைப்பாடு. சுல்தான் அப்துல் அஸீஸ் அதை விக்டோரியா ராணிக்குப் பரிசளித்தார். இப்போது இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் அருகே நெல்சன் கோட்டையில் இருக்கிறது.

1807இல் ஒரு பிரிட்டிஷ் கப்பற்படை டார்டனெல்ஸைக் கடந்து திரும்பியபோது, இங்கிருந்த பழைய பீரங்கிகளின் கல்குண்டுகள் அதற்கு நல்ல சேதம் விளைவித்தன. பெருமைப்படலாம். ஆனால், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கருவியை நம்பி ஓர் அரசு நின்றுகொண்டிருந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பியப் படைகள் இலகுவான, ஒரே அளவிலான, விரைந்து சுடும் பீரங்கிகளுக்கு மாறியிருந்தன. கணிதம் படித்த அதிகாரிகள் அவற்றை நடத்தினார்கள்.

1770இல் செஷ்மேயில் உஸ்மானியக் கப்பற்படை எரிந்து போன பிறகுதான் விழிப்பு வந்தது. 1774இல் விரைவுப் பீரங்கிப் பிரிவு, 1795இல் மூன்றாம் ஸலீம் காலத்தில் தரைப்படைப் பொறியியல் பள்ளி என்று சீர்திருத்தங்கள் நடந்தன. எதிர்ப்பும் வந்தது. 1807 மே மாதம் சுல்தான் ஸலீமைப் பதவியிறக்கிய கிளர்ச்சி, பொஸ்ஃபரஸ் கோட்டைகளின் காவல்வீரர்களிடமிருந்தே தொடங்கியது. புதிய சீருடையும் புதிய பயிற்சியும் வேண்டாம் என்றார்கள். நீரிணையைக் காக்க வேண்டியவர்களே அதைக் காக்கும் கல்வியை எதிர்த்தார்கள்! 1826இல் ஜானிஸரிகள் கலகம் செய்தபோது, பயிற்சி பெற்ற பீரங்கிப் படை சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பக்கம் நின்றது. ஜானிஸரிகளின் பாசறையே பீரங்கியால் தகர்க்கப்பட்டது.

1915: மீண்டும் அதே நீரிணை

1915 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் டார்டனெல்ஸை உடைத்து இஸ்தான்புல்லை அடைய முயன்றன. கோட்டைப் பீரங்கிகளில் பல பழையவை, குண்டுகளும் குறைவு. ஆனால், இந்த முறை காவல் மூன்று அடுக்காகத் திட்டமிடப்பட்டிருந்தது. கரைக்குக் கரை கண்ணிவெடி வரிசைகள். கண்ணிகளை அகற்ற வரும் சிறு கப்பல்களை விரட்ட, மலைமடிப்புகளில் இடம் மாறிக்கொண்டே சுடும் ஹோவிட்சர் பீரங்கிகள். பெரிய கப்பல்களை எதிர்க்கக் கோட்டைகளின் கனரகப் பீரங்கிகள். நுஸ்ரத் என்ற சிறு கப்பல் சில நாட்களுக்கு முன் இரவில் போட்டுச் சென்ற 26 கண்ணிகளை யாரும் கவனிக்கவில்லை. அன்றே பூவே, இர்ரெஸிஸ்டிபிள், ஓஷன் ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின.

ரூமெலி மஜீதிய்யா கோட்டையில் குண்டு தூக்கும் பொறி உடைந்தபோது, ஸெய்யித் என்ற வீரர் 200 கிலோவுக்கும் அதிகமான குண்டைத் தன் முதுகில் சுமந்து பீரங்கிக்கு ஏற்றினார். பிறகு புகைப்படம் எடுக்க வேண்டி மீண்டும் தூக்கச் சொன்னபோது அவரால் முடியவில்லை. மரத்தால் செய்த குண்டைத் தூக்க வைத்துப் படம் எடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் படம்தான் துருக்கியில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டது.

பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

அர்பானின் பீரங்கியையும் ஸெய்யிதின் முதுகையும் தாராளமாகச் சொல்லலாம். கூடவே பாலத்தைப் பலப்படுத்திய தச்சர், மாட்டை ஓட்டிய அரபாஜி, வெண்கலத்தின் பதம் அறிந்த வார்ப்பாளி, முக்கோணக் கணக்கு தெரிந்த குறியாளர் ஆகியோரையும் சொல்ல வேண்டும். திறமையை மதித்துக் கூலி கொடுத்து வைத்துக்கொண்ட காலத்தில் அந்த அரசு வென்றது. தெரிந்தது போதும் என்று இருந்த காலத்தில், பாட்டன் வார்த்த பீரங்கியின் பின்னால் நின்றது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதிலுக்கு அப்பால் போருக்குச் சம்பந்தமில்லாத பெண்களும் குழந்தைகளும் இருக்கும்போது மன்ஜனீக்கால் எறியலாமா, எந்த நிலையில், எந்த வரம்புக்குள் என்று நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தனியாக விவாதித்திருக்கிறார்கள். எறிந்த கல் யார்மீது விழும் என்று எறிபவனுக்குத் தெரியாது என்பதுதான் அந்த விவாதத்தின் கவலை. கல் போய் குண்டு வந்தது. குண்டு போய் ஏவுகணை வந்துவிட்டது. எறியும் தூரம் கூடக் கூட அந்தக் கவலையும் கூடியிருக்க வேண்டும். இன்று செய்தியில் இடிந்த வீடுகளைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, கோட்டை உடைந்த கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வோம்.